தனகோட்டியின் டோக்கன்

1963 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு நெய்வேலியில் எங்கள் பிளாக் நிறுத்தத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளம்பிய ஷிப்ட் பஸ்ஸில் தனகோட்டியும் போனாள். அப்போது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம். அவள் அப்பா கலியமூர்த்தி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியதை நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் நினைக்கவில்லை. அவருக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் குழந்தை தினமும் அந்தப் பஸ்ஸில்தான் போகும். மூன்றாவது நிறுத்தம் ஆஸ்பத்திரி கேட். அங்கே ஜன்னல் வழியாக அம்மாவின் கைக்குப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை.

அந்த அம்மா காந்திமதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். எனக்குக் காந்திமதி அக்கா.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். பண்ருட்டியில் பத்தாவது தாண்டி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கடலூரில் இரண்டு வருஷம் தங்கிப் பிரசவம் பார்க்கும் பயிற்சி எடுத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவரைத் தவிர. கலியமூர்த்தி சுரங்கத்தில் மண் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர், பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. குழந்தைக்கு ஒரு வயது மூன்று மாதம் ஆனபோது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு ஆள் எடுத்தார்கள். காந்திமதி அக்கா விண்ணப்பம் போட்டார், எடுத்துக்கொண்டார்கள். மார்ச் முதல் தேதி சேர்ந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டு, தலைமை நர்ஸான மேட்ரன் நல்லபடியாக எழுதினால் பர்மனென்ட். அந்த ஆறு மாதம் ஆகஸ்ட் முப்பத்தொன்றில் முடிய வேண்டும்.

“வூட்டுல சோத்துக்கா பஞ்சம்?” என்று என் அம்மா பட்டம்மாள் அவரிடம் நேராகவே கேட்டார். பால் டிப்போ வரிசையில் நானும் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

“பஞ்சம் இல்லக்கா. வேல தெரியும். தெரிஞ்ச வேலய வுட்டுட்டு ஒக்காந்திருக்க முடியல.”

“புள்ள வளக்கறதும் வேலதான்.”

“அதத்தான் ரெண்டு பேரும் பாக்கறோம்.”

அம்மாவுக்கு அந்த ‘ரெண்டு பேரும்’ பிடிக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆண்பிள்ளை குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதை முதல் முறை பார்த்தது எங்கள் பிளாக்கில்தான். கலியமூர்த்தி அதைத் தெருக்குழாயில், எல்லோரும் பார்க்க, சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செய்வார்.

அவர்கள் வீட்டுக் கதவின் பின்பக்கம் சாக்பீஸில் ஓர் அட்டவணை இருந்தது. காந்திமதி அக்காவுக்கு எப்போதும் காலை ஏழு முதல் ஒன்றரை வரை டூட்டி. கலியமூர்த்திக்கு வாரத்துக்கு ஒன்றாக ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறும். சி ஷிப்ட் வாரத்தில் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு விடிந்து வருவார். குழந்தையின் காலில் ஒரு துணியைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு தூங்குவார். குழந்தை எழுந்து நகர்ந்தால் கை இழுபடும், விழித்துக்கொள்வார். ஏ ஷிப்ட் வாரத்தில் இரண்டு பேரும் காலையில் போய்விடுவதால், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த மாணிக்கம்மாளிடம் குழந்தை இருக்கும். பி ஷிப்ட் வாரத்தில்தான் பஸ். காலையெல்லாம் அப்பாவோடு, இரண்டு மணிக்கு அவர் சுரங்கத்தில் இருக்க வேண்டும், அக்கா ஒன்றரைக்கு வார்டை ஒப்படைத்துவிட்டு வெள்ளைப் புடவையோடு கேட்டில் வந்து நிற்பார். ஒன்று ஐம்பதுக்குப் பஸ் வரும். உள்ளே நெரிசலாக இருந்தால் அப்பா வரவேண்டியதில்லை. குழந்தை கை மாறிக் கை மாறி ஜன்னலுக்குப் போய்விடும். வாரத்தில் ஆறு நாளும் நடந்ததால் பஸ்ஸில் எல்லோருக்கும் அது பழகியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நாள். வேறு பிரிவுகளிலிருந்து பி ஷிப்டுக்குப் புதிதாக மாற்றப்பட்டவர்களும் சேர்ந்துகொண்டதால் பஸ்ஸில் நெரிசல், பழகாத முகங்கள். கலியமூர்த்திக்குப் பின்படியில்தான் இடம் கிடைத்தது. குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த சடையப்பன் என்ற பெரியவர், “குடுப்பா, நசுங்கப் போவுது” என்று கை மாறிக் கை மாறி வாங்கி, டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள சீட்டில் தன் துண்டை விரித்துப் படுக்கவைத்தார். ஆனால் அவர் ஒர்க் ஷாப் நிறுத்தத்தில் இறங்குகிறவர். இறங்கும்போது பக்கத்திலிருந்தவரிடம், “ஆஸ்பத்திரி கேட்ல அவங்கம்மா நிப்பாங்க, குடுத்துடு” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். தூக்கத்தில் ஆடிய தலை அது என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரி கேட்டில் பஸ் நின்றது. முன்ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புடவை தெரிந்தது. டிரைவரிடம் ஏதோ கேட்க வந்த வேறொரு நர்ஸ். பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தி அந்தப் புடவையைப் பார்த்தார். பஸ் கிளம்பியது. குழந்தை அம்மா கைக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். சுரங்கத்தில் இறங்கியதும் டோக்கன் மாட்ட முதல் ஆளாக ஓடினார்.

காந்திமதி அக்கா அந்த நேரத்தில் வார்டில்தான் இருந்தார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கூலிக்காரப் பெண்ணுக்குத் தலை தெரிந்துவிட்டது. மாற்று ஆள் கையுறை போட்டு வருவதற்குள் குழந்தை வெளியே வந்துவிடும் என்ற நிலைமை. தாமதம் அரை மணி நேரம். கேட்டுக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. அவர் பதறவில்லை. அவர் கேட்டில் இல்லையென்றால் கலியமூர்த்தி அங்கேயே இறங்கி, மாணிக்கம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டு அடுத்த பஸ் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடிசைக்கு நடந்தார்.

“எங்க பாப்பா? தூங்குதா?”

“இன்னிக்கு எங்கிட்ட வரலியே கண்ணு” என்றார் மாணிக்கம்மாள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு.

அக்கா திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆபீசில் இருந்த டெலிபோனை எடுத்து, சுரங்கத்து டைம் ஆபீசுக்குப் போட்டார். “பெல்ட் செக்‌ஷன் கலியமூர்த்திய கூப்பிடுங்க. அதுக்கு முன்னால, ஒண்ணு முப்பத்தஞ்சு பஸ்ஸ எங்கியும் போவவுடாம நிறுத்தி உள்ள பாருங்க. டிரைவர் பக்கத்து சீட்டு, சீட்டுக்கு அடியில. ஒரு கொழந்த இருக்கும். பச்ச கவுன்.” எதிர்முனையில் இருந்தவர் இரண்டு முறை ‘என்னா இருக்கும்?’ என்று கேட்டாராம்.

குழந்தை இருந்தது. விழித்துக்கொண்டு, காலி பஸ்ஸில் சடையப்பனின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏ ஷிப்ட் முடிந்து திரும்பிய ஆட்களோடு, இரண்டு ஐம்பதுக்கு அதே பஸ் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தது. டிரைவர் மடியில் தனகோட்டி. கன்னத்திலும் கவுனிலும் கரி. கையில் பாதி தின்ற கடலை மிட்டாய். அக்கா கையை நீட்டினார். குழந்தை வரமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துப் பஸ் முழுக்கச் சிரித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போல் டூட்டிக்குப் போனார்.

பிளாக்கில் அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. குழந்தை பஸ்ஸில் போனதைக்கூட மன்னித்திருப்பார்கள்.

“அழுவக்கூட இல்லியேடி” என்றார் அம்மா. “நானா இருந்தா கேட்லயே உழுந்து பொரண்டிருப்பேன்.”

“அம்மாவுக்கு வெள்ளப் பொடவ, அப்பாவுக்குக் காக்கி, புள்ளைக்கு பஸ் பாஸ்” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“ஊரான் வூட்டுப் புள்ளய எடுத்துக்கினு இருந்தாளாம், தன் புள்ள சுரங்கத்துக்குப் போயிட்டுது” என்றாள் இன்னொருத்தி.

சுரங்கத்தில் வேறு மாதிரி. கலியமூர்த்தி உள்ளே நுழைந்ததும் செக்‌ஷன் முழுக்கக் கேலி.

“என்னா கலியமூர்த்தி, பாப்பாவ எந்த செக்‌ஷன்ல சேத்துருக்காங்க? பெல்ட்டா, பம்பா?”

“கான்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா? அதச் சொல்லு மொதல்ல.”

“இன்னும் பால் பல்லே முழுசா மொளைக்கல, அதுக்குள்ள ஷிப்டுக்கு வந்துட்டுது. உன்னவிட ஒழுங்கு.”

ஃபோர்மன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “இனிமே பாத்துக்கப்பா” என்றார். அத்தோடு முடிந்தது. பஸ்ஸில் குழந்தையை விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பாகூட அதைச் சிரிப்பாகத்தான் வீட்டில் சொன்னார், அம்மா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு மனு தயாரானது. ஆஸ்பத்திரிக்கு. ‘கைக்குழந்தை உள்ள தாய்மாரை வேலைக்கு வைப்பதால் ஏற்படும் விபரீதங்கள் பற்றி மேன்மை தங்கிய அம்மையார் யோசிக்க வேண்டும்’ என்று ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்தார். கீழே கையெழுத்து. வீடு வீடாக அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்தான். எனக்குப் பதினொரு வயது, அம்மா சொன்னார், போனேன். இருபத்து மூன்று கையெழுத்து. அதில் ஆறு பேருக்காவது காந்திமதி அக்கா பிரசவம் பார்த்திருந்தார். கலியமூர்த்தியின் பெயர் மனுவில் எங்கும் இல்லை.

மாணிக்கம்மாளிடம் நோட்டை நீட்ட யாருக்கும் தோன்றவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வருவார். அன்று சாயங்காலம் பின்கட்டில் தேய்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: “நாங்க புள்ளய வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு நடவுக்குப் போனோம். எறும்பு மொய்க்கும். கல்லு சொமந்தப்பவும் அப்பிடித்தான். ஒரு நாளும் ஒரு நோட்டும் வரலியே தாயி.” அம்மா காதில் விழுந்தது. அரிசி களையப் போய்விட்டார்.

சனிக்கிழமை மேட்ரன் கூப்பிட்டார். மனு மேசைமேல் இருந்தது. அவர் கறாரானவர், ஆனால் கத்துகிறவர் இல்லை. அந்தப் பேச்சைக் காந்திமதி அக்கா எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னார். வார்த்தை மாறாமல் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

“இதில் இருக்கறது உண்மையா?”

“கொழந்த பஸ்ல போனது உண்மைங்க. மத்தது அவங்க கருத்து.”

“நீ தாமதமா வந்தது வார்டு வேலையால. அது எனக்குத் தெரியும். விட்டது உன் வீட்டுக்காரர். அதையும் விசாரிச்சேன். ஆனா முப்பத்தொண்ணாந் தேதி நான் எழுதணும். நாளைக்கு இதே மாதிரி ஆனா, ‘தெரிஞ்சும் எழுதினாங்க’ன்னு என்னைத்தான் கேப்பாங்க. எனக்கு உன் விளக்கம் வேண்டாம். இனிமே நடக்காதுங்கறதுக்கு ஓர் ஏற்பாடு காட்டு. இல்லேன்னா என்னால எழுத முடியாது.”

அக்கா வீட்டுக்கு வந்தார். கதவின் பின்னால் இருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் தப்பே இல்லை. எல்லா நேரத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த கலியமூர்த்தி சுவரோரம் குந்தி உட்கார்ந்து, “நான் போய் மேட்ரன் கால்ல வுழறேன்” என்றார்.

“உழுந்து? அவங்க ஏற்பாடு கேக்கறாங்க. உன் மண்டய வச்சிக்கினு என்னா பண்ணுவாங்க?”

“வேணாம்னா வுட்டுடலாமா, காந்தி? கொஞ்ச வருசம். பாப்பா பள்ளிக்கூடம் போவட்டும்.”

“நீ வுடறியா?”

 அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா கேட்டார்: “உங்க சுரங்கத்துல ஒரு ஆள் உள்ளயே மாட்டிக்கினா, மேல இருக்கறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“டோக்கன் இருக்குதே. உள்ள போவும்போது அவனவன் டோக்கன பலகையில மாட்டிட்டுப் போவான். வெளிய வந்தா எடுத்துக்குவான். ஷிப்ட் முடிஞ்சும் ஒரு டோக்கன் தொங்கினா, ஒரு ஆள் உள்ள இருக்கான். தேடுவாங்க. யாரு சொன்னதும் கணக்கு இல்ல, தலையாட்டினதும் கணக்கு இல்ல. டோக்கன்தான்.”

சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விடிந்ததும் ஃபோர்மன் வீட்டுக்குப் போய், கேட்டு ஒரு துண்டுப் பித்தளை வாங்கிவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசற்படியில் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நானும் பிளாக் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, வட்டம், மேலே ஒரு துளை. நடுவில் உளியால் ‘த’ என்று அடித்தார். தனகோட்டி அதை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அக்கா அதை மேட்ரன் மேசைமேல் வைத்தார்.

“என்ன இது?”

“பாப்பா யார்கிட்ட இருக்குதோ, இது அவங்ககிட்ட இருக்கும்ங்க. கொழந்தய கையில குடுக்கறப்ப இதயும் கையிலயே குடுக்கணும். நடுவுல நாலு பேர் வாங்கிக் குடுக்கற வேல இனிமே இல்ல. நெரிசலா இருந்தாலும் அவரு எறங்கி வந்து எங்கிட்ட குடுத்துட்டுத்தான் ஏறணும். அவரு சுரங்கத்துல சட்டையக் கழட்டறப்ப இது பையில இருந்தா, கொழந்த எங்கன்னு அங்கியே தேடணும்.”

“குழந்தை ஓர் ஆள்கிட்ட, டோக்கன் ஓர் ஆள்கிட்டன்னு ஆயிட்டா?”

“அப்ப ஷிப்ட் மாறலன்னு அர்த்தம்ங்க. ரெண்டும் ஒண்ணாச் சேர்ற வரைக்கும் யாரும் எடத்த வுட்டு நகரக் கூடாது.”

மேட்ரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார் செஞ்சது?”

“பாப்பாவோட அப்பா.”

“சரி. அவரை ஒரு காகிதத்தில இந்த ஏற்பாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு. உன் கையெழுத்து மட்டும் போதாது. ரெண்டு பேரும்.”

அந்தக் காகிதம் போனது. முப்பத்தொன்றாம் தேதி மேட்ரன் எழுதினார். காந்திமதி அக்கா பர்மனென்ட் ஆனார்.

பிளாக்கில் யாரும் அதற்காக மனம் மாறிவிடவில்லை. ‘இரும்புக் கடையில புள்ளைக்கு சீட்டு வாங்கிட்டாங்க’ என்று கொஞ்ச நாள் பேசினார்கள். அக்கா பால் டிப்போ வரிசைக்கு வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். அவருடைய இடுப்பு முடிச்சில் அந்த டோக்கன் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பது பெண்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இல்லையென்றால் குழந்தை அப்பாவிடம். மனு கொடுத்தவர்களுக்கே தனகோட்டி எங்கே இருக்கிறாள் என்பது எந்த நேரமும் தெரிந்திருந்தது. தனகோட்டிக்கு மட்டும் பஸ்தான் வேண்டும். ஷிப்ட் சங்கு ஊதினால் செருப்பைத் தேடுவாள்.

இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தான். இன்னொரு டோக்கன் வந்தது. 1966 கடைசியில் எங்கள் அப்பாவுக்குத் திருச்சியில் வேறொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாங்கள் நெய்வேலியை விட்டுப் போனோம். சாமான் ஏற்றும்போது காந்திமதி அக்கா வந்து உதவி செய்தார். அம்மா அவருக்கு ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்தார். மனுவைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஆறு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, சென்ற மாதம் நெய்வேலிக்குப் போனேன். அக்கா இப்போது வார்டில் சீனியர். காதோரம் நரைத்திருக்கிறது. பேச்சு அன்றைய பஸ்ஸைச் சுற்றி வந்தபோது கேட்டேன்: “அன்னிக்கு ஏன்க்கா அழல?”

“அழுதிருந்தா போன் நம்பர் மறந்து போயிருக்கும்” என்றார். பிறகு, “வூட்டுக்கு வந்து, அவளக் குளிப்பாட்டறப்ப ரெண்டு தரம் சொம்பு கீழ உழுந்துது. அத யாரும் பாக்கல” என்றார்.

எழுந்து போய், பீரோவிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்து வந்தார். “உங்க அம்மா போட்டது. உனக்குத் தெரிஞ்சிருக்காது.” தெரியாது. தேதி 1969 ஜூலை. கஸ்தூரி என்று அதில் வருவது என் கூடப்பிறந்த அக்கா. அம்மாவின் கோணல் எழுத்து:

‘அன்புள்ள காந்திமதிக்கு, பட்டம்மாள் எழுதுவது. நலம், நலம் அறிய ஆவல். கஸ்தூரிக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனது உனக்குத் தெரியும். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. போகட்டும் என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. பேரனுக்கு மூன்று மாதம். நான் முட்டி வலியால் ஒரு வேளைக்கு மேல் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கண்டபடி பேசுகிறார்கள். பேசட்டும். தம்பி கலியமூர்த்தியிடம் சொல்லி ஒரு டோக்கன் செய்து அனுப்பவும். பேரன் பெயர் வேலாயுதம். ‘வே’ என்று அடித்தால் போதும். துளையைக் கொஞ்சம் பெரியதாகப் போடச் சொல். நூல் கனமாகக் கோக்க வேண்டும், இந்த மாப்பிள்ளைக்கு மறதி அதிகம்.’